அடுப்பு மூட்டாத வியாழக்கிழமை

மச்சாள்,

உன் வெண்கலத் தட்டத்தைப் பழப்புளி போட்டு விளக்கி வெயிலில் வைத்திருக்கிறேன். விளிம்பில் உள்ள கொடி வேலைக்குள் குங்குமம் புகுந்துகொண்டு வரமாட்டேன் என்கிறது. ஈர்க்குக் குச்சியால் கிண்டினேன். மேலே இருந்தது போன கிழமை நான் வைத்த குங்குமம், அது வந்துவிட்டது. அடியில் கறுத்து இறுகிப்போன ஒரு பொட்டு இருந்தது. அது நீ வைத்தது. அதை நான் தொடவில்லை.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஒழுங்கையில் மிளகாய் மணம் இல்லை. எதிர்வீட்டுக் கொடியில் வெள்ளைச் சீலை காய்கிறது, அதில் ஒரு தூசி இல்லை. எங்கள் தூள் கொட்டிலின் கதவு பூட்டிக் கிடக்கிறது. உள்ளே செவ்வாயும் புதனும் வறுத்து அரைத்த தூள், பாயில் பரவி, துணிக்குக் கீழே தன்பாட்டில் கிடக்கிறது.

சேதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வென்றுவிட்டோம். இந்த வியாழக்கிழமையை எங்களிடமிருந்து பறிக்கப் பார்த்தார்கள், ஏலாமல் போய்விட்டது. அது எப்படி என்று சொல்லத்தான் இருந்து எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத நேரம் பிடிக்கும். இன்றைக்கு நேரம் இருக்கிறது.

ஆனால் ஒன்றையும் விடாமல் தொடக்கத்திலிருந்து சொல்வதுதான் என் வழக்கம். நீ எனக்குச் செய்ததும் அதில் வரும். பொறுத்துக்கொள்.

இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்த காலத்தில் உன் குடும்பமும் என் குடும்பமும் ஒரே கொட்டிலில் ஒரே அடுப்பில் சமைத்தோம். நீ என் மனுசனின் ஒன்றுவிட்ட தங்கை என்பதை விட, அந்த அடுப்பால்தான் எனக்கு மச்சாள் ஆனாய். அப்படிப்பட்டவள், உன் மகள் வதனிக்குக் கலியாணம் வந்தபோது எனக்கு எங்கே வைத்துச் சொன்னாய்? சுன்னாகம் சந்தையில். கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு, என் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல், "வாற புதன் வதனிக்குக் கலியாணமடி, வந்திடு" என்றாய். வீட்டுப் படலை திறந்து வந்து, தட்டம் நீட்டி, குங்குமம் தந்து சொல்ல வேண்டிய சொல்லை ஒரு கிலோ கத்தரிக்காயோடு சேர்த்துச் சொன்னாய். அந்தக் கத்தரிக்காய் நீலம், முள்ளுக்காம்பு. இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நான் கலியாணத்துக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று நீ கேட்கவும் இல்லை. ஒன்பது வருடம் நாம் கதைக்கவில்லை.

அந்த ஒன்பது வருடத்தில்தான் சின்னமணியின் வளவில் தகரம் போட்டுத் தூள் கொட்டில் தொடங்கியது. ஏழு பெண்கள். ஒரு அரைக்கிற மெசின், வறுக்க இரண்டு பெரிய தாச்சி. நீயும் சேர்ந்தாய், நானும் சேர்ந்தேன். எனக்குப் பயந்து நீ விலகவில்லை, உனக்குப் பயந்து நான் விலகவில்லை. ஒரே தாச்சியில் நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். நடுவில் பாவம் சின்னமணி.

"சின்னமணி, மல்லி கருகுது எண்டு அவவுக்குச் சொல்லு."

"சின்னமணி, எனக்கும் மூக்குக் கிடக்கு எண்டு அவவுக்குச் சொல்லு."

"நான் என்ன தபால் கந்தோரே? ரெண்டு பேரும் அகப்பையால அடிபட்டுத் துலையுங்கோவன்!"

தொடக்கத்தில் கிழமைக்கு நாலு நாள் வேலை. தூளை வாங்கியவர் ரொறன்ரோவில் கடை வைத்திருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளை. அவருக்காக வான் வண்டியில் வந்து ஏற்றுகிறவர் ரஞ்சன். எங்கள் தூள் அங்கே பிடித்துப்போயிற்று. ரஞ்சன் வரும்போதெல்லாம் "இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ அம்மா" என்பார். நாலு நாள் ஐந்தானது. ஐந்து ஆறானது. பிறகு ஒரு நாள், நீலக் கட்டம்போட்ட சட்டையோடு வந்து நின்று, "தீபாவளி வரைக்கும் மட்டும் ஞாயிறு விடியவும் மூட்டுங்கோ" என்றார். தீபாவளி வந்தது, போனது. அடுத்த தீபாவளியும் வந்து போனது. ஞாயிறு அடுப்பு அணையவில்லை.

கை இரண்டும் முழங்கை வரை எரிந்துகொண்டே இருக்கும். தயிர் பூசினாலும் எரியும். என் பேத்தி என்னிடம் தூக்கச் சொல்லி வருவாள், கிட்ட வந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி ஓடிவிடுவாள். சமைக்க ஒருத்திக்கும் தென்பில்லை. கனடாவுக்கெல்லாம் குழம்புத் தூள் அனுப்பிவிட்டு, எங்கள் ஏழு வீட்டிலும் பின்னேரம் கடைப் பாணும் சம்பலும். இதை முதலில் சொல்லிச் சிரித்தது எங்களில் ஒருத்தி, பவளம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகுதான் செல்லத்துரை அண்ணை செத்தார். எதிர்வீட்டுத் தபால்காரர். நாற்பது வருடம் எங்கள் எல்லாருடைய வீட்டுக்கும் கடிதம் கொண்டுவந்த மனிதர். ஒழுங்கையில் செத்தவீடு என்றால் அந்த ஒழுங்கையில் வறுத்தல் தாளித்தல் கிடையாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு எங்களுக்கும் தெரியும். ஆனால் மறுநாள் வான் வரப்போகிறது, சாக்குகள் பாதிதான் நிரம்பியிருந்தன. "கதவைச் சாத்திப்போட்டு வறுப்பம், மணம் போகாது" என்று சொன்னது பவளம். ஓம் என்று தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி. எழுதத்தான் வேண்டும்.

கதவைச் சாத்தினோம். தகரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த வெளியை யார் சாத்துவது? செத்தல் மிளகாய்ப் புகை அந்த வெளியால் எழும்பி, ஒழுங்கையைத் தாண்டி, நேரே பந்தலுக்குள் இறங்கியது. அங்கே சடங்குக்காக உரலில் சுண்ணம் இடிக்கிறார்கள், இங்கே எங்கள் மெசின் இரைகிறது. ஐயர் மந்திரத்தின் நடுவில் ஒரு தும்மல் தும்மினார். பிறகு இன்னொன்று. பிறகு பந்தல் முழுக்கத் தும்மல். அழுகிறது யார், தும்முகிறது யார் என்று தெரியவில்லை. செல்லத்துரை அண்ணையின் மனுசி மூக்கைச் சீலையால் பொத்திக்கொண்டு எங்கள் கொட்டிலைத் திரும்பிப் பார்த்தா. கதவு இடுக்கால் நான் அதைக் கண்டேன். பக்கத்து இடுக்கில் உன் கண் இருந்தது.

அடுத்த கிழமை கூட்டத்தில் நீ எழும்பினாய். "இனி நான் சொல்லுறதைக் கேளுங்கோ. செய்யிறதைக் குறைப்பம். அரைவாசியாக் குறைப்பம். நாலு நாள் வேலை. வியாழன் வேண்டாம், சனி ஞாயிறு வேண்டாம். செய்யிறதைக் குறைச்சாத்தான் நாள் எங்கடை கைக்கு வரும்."

"அப்ப சோத்துக்கு?" என்று பவளம் கேட்டாள்.

"இப்ப மட்டும் சோறோ தின்னுறம்? பாணெல்லோ."

எங்கள் வழக்கப்படி மண்சட்டியை நடுவில் வைத்துத் துணியால் மூடினோம். சம்மதம் என்றால் மஞ்சள் துண்டு, இல்லையென்றால் செத்தல் மிளகாய். ஒவ்வொருவராய்க் கையை விட்டுப் போட்டோம். கொட்டிப் பார்த்தபோது மூன்று மஞ்சள், நாலு செத்தல்.

அந்த நாலாவது செத்தல் என்னுடையது, மச்சாள். நீ சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என் கை எரிவு எனக்குத் தெரியாதா? ஆனால் சொன்னது நீ. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு கலியாணம் சொன்ன அதே வாயால் சொன்னாய். நீ கேட்டது கிடைத்துவிடக் கூடாது என்று போட்டேன். என் வயதில் இதை எழுத வெட்கப்பட்டு என்ன பயன்?

போட்ட பிறகு, கூட்டித்தான் செய்ய முடியும் என்று காட்டவேண்டிய வீம்பு எனக்கு வந்துவிட்டது. ஒரு தாச்சி அளவை ஒன்றரை ஆக்கினேன். மெசினில் இருந்து விழுகிற தூள் கைவைக்க முடியாத சூட்டில் வரும். அதைப் பாயில் பரவி ஒரு நாள் விட வேண்டும். என் அம்மா அப்படித்தான் செய்தா, உன் அம்மாவும் அப்படித்தான். அந்தக் கிழமை பாயில் இடமில்லை, நாளும் இல்லை. நான் சூட்டோடு பையில் போட்டுக் கட்டத் தொடங்கினேன்.

நீ மறுபக்கத்திலிருந்து எழும்பி வந்தாய். நான் கட்டி வைத்த பையில் உள்ளங்கையை வைத்தாய். சின்னமணியைத் தேடிப் பார்த்தாய், அவள் கிணற்றடியில் நின்றாள். வேறு வழியில்லாமல் என் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாய்.

"எடியே, சூடு."

ஒன்பது வருடத்துக்குப் பிறகு நீ எனக்குச் சொன்ன முதல் சொல் அதுதான். நான் உனக்குச் சொன்ன முதல் சொல்லும் எனக்கு ஞாபகம்: "உன்ரை வேலையைப் பார்."

நீ போய் உன் வேலையைப் பார்த்தாய். பைகள் கனடாவுக்குப் போயின. உள்ளுக்குள் வேர்த்து, கட்டிபட்டு, மூலையில் சாம்பல் நிறமாகப் பூத்திருந்த படங்கள் ரஞ்சனின் போனில் திரும்பி வந்தன. ரொறன்ரோப் பிள்ளை ஏசவில்லை, அழுகிற மாதிரிக் கதைத்தார். "அம்மா, எங்கடை ஊர்த் தூள் எண்டு சொல்லி வித்தனான்" என்றார். ஏழு பேரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பவளம் கேட்டாள், "ஆர் கட்டினது?" என்று.

நீ சொல்லவில்லை. என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆர் கட்டினா என்ன, நாள் காணாமல் கட்டினது" என்றாய். ஒருத்தர்மேல் எனக்குள்ள கோபத்தை அவரே குறைத்துவிடுவது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கு நீ அதைத்தான் செய்தாய்.

மறுநாள் பின்னேரம் என் படலை கிறீச்சிட்டது. பார்த்தால் நீ. கோயிலுக்குக் கட்டுகிற அந்தப் பச்சைக் கரைச் சீலை. கையில் இந்தத் தட்டம். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, குங்குமச் சிமிழ், ஒரு கதலிப் பழம். முற்றத்தின் நடுவில் நின்று, கலியாணத்துக்குச் சொல்கிற குரலில், ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னாய்:

"நாளைக்குக் காலமை கொட்டிலில கூட்டம். குடும்பத்தோடை வந்து சிறப்பிக்க வேணும்."

நான் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். "குடும்பத்தோடையோ? பேத்தியையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"கூட்டிக்கொண்டு வா. ஆனா சட்டிக்குள்ள நீ என்னத்தைப் போடுறாய் எண்டு அவள் பாக்கக் கூடாது." பிறகு குரலைத் தணித்தாய். "உன்ரை செத்தல் எதெண்டு எனக்குத் தெரியுமடி. நீ ஒருத்திதான் காம்பு கிள்ளுறனி. சட்டிக்குள்ளையும் கிள்ளித்தான் போட்டிருந்தாய்."

கை பழகிவிட்டது, மச்சாள். செத்தலைத் தொட்டால் காம்பைக் கிள்ளாமல் என் கையால் விட முடியாது. அது என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அன்றைக்கு உனக்குத் தேத்தண்ணி போட்டேன். சீனி போட்டேனா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போகும்போது தட்டத்தை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாய். நான் திருப்பித் தரவில்லை, நீயும் கேட்கவில்லை.

அடுத்த நாள் சட்டியில் ஆறு மஞ்சள், ஒரு செத்தல். அந்தச் செத்தல் காம்போடு இருந்தது. பவளத்துடையது.

ரஞ்சன் ரொறன்ரோப் பிள்ளையைக் கூப்பிட்டு, போனை மேசையில் வைத்து எல்லாருக்கும் கேட்கப் போட்டது நினைவிருக்கிறதா? நீதான் கதைத்தாய்.

"வணக்கம் அம்மா, என்ன பிரச்சினை?"

"பிரச்சினை ஒண்டும் இல்லைத் தம்பி. இனிக் கிழமைக்கு அரைவாசிதான் தருவம்."

"அரைவாசியோ? இஞ்சை சனம் நிண்டு கேக்குது. இன்னும் ஆக்களைச் சேருங்கோ. இன்னொரு மெசின் நான் எடுத்துத் தாறன்."

"ரெண்டு மெசினெண்டா ரெண்டும் ஏழு நாளும் இரையும் தம்பி. எங்களுக்கு வேண்டாம்."

"அப்ப நான் வேறை இடம்தான் பாக்க வேணும்."

"பாருங்கோ, நல்ல இடமாப் பாருங்கோ. ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கடை அம்மா தூள் இடிச்சா எப்ப போத்தலில அடைக்கிறவ?"

அவர் மெதுவாக, "அடுத்தநாள் விட்டு அதுக்கு அடுத்தநாள்" என்றார்.

"ம்... அந்த நடுவிலை வாற நாள்தான் நாங்கள் கேக்கிறது."

அப்படிப் பேசியும் அவர் வேறு இடம் பார்த்தார். இரண்டு மாதம் ரஞ்சனின் வான் எங்கள் ஒழுங்கைக்குள் வரவில்லை. மானிப்பாய்க் கடைகளுக்கும் பக்கத்துச் செத்தவீடுகளின் எட்டுச்செலவு என்கிற எட்டாம்நாள் சமையலுக்கும் கொடுத்து ஓட்டினோம். கையில் குறைவாகத்தான் வந்தது, அதை நான் மறைக்கவில்லை. பவளம் பேசிய பேச்சு எல்லாம் என்னிடம் இருக்கிறது, நாள்வாரியாக. "ரெண்டு கிழவியளின்ரை கோவமும் எங்கடை சோத்திலை மண், ரெண்டு கிழவியளின்ரை கூட்டும் எங்கடை சோத்திலை மண்" என்று கிணற்றடியில் சொன்னது உள்பட. மூன்றாம் மாதம் வான் வந்தது. ரஞ்சன் இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கி, "அரைவாசியெண்டாலும் தாங்கோவாம்" என்றார். நீ வானுக்குக் கிட்டப் போய், "இறங்கி வந்து கேளுங்கோ ரஞ்சன், தேத்தண்ணி கிடக்கு" என்றாய். இறங்கித்தான் கேட்டார். விலையையும் கொஞ்சம் கூட்டித்தான் தந்தார்.

முதல் வியாழக்கிழமை உனக்கும் எனக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை. கொட்டில் வாசலில் சும்மா வந்து நின்றோம், இருவரும் தனித்தனியாக வந்து. "கீரிமலைக்குப் போவமோ?" என்று நீதான் கேட்டாய். இங்கிருந்து எட்டி நடந்தால் வருகிற தூரம், பத்து வருடமாய் நாம் போகவில்லை. பெண்கள் கேணியில் இறங்கினோம். தண்ணீர் பட்டதும் கை முதலில் பற்றிக்கொண்ட மாதிரி எரிந்தது. பிறகு எரிவு மெல்ல மெல்லக் கழன்றது. அங்கால் கடல் உப்பு, இங்கால் இந்த நல்ல தண்ணீர். நீ கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இப்பத்தானடி இது என்ரை கை மாதிரிக் கிடக்கு."

அன்றைக்குப் பின்னேரம் என் பேத்தி என் மடியில் ஏறி இருந்தாள். கண்ணைக் கசக்கவில்லை.

அதற்குப் பிறகு வியாழனில் காலமை கீரிமலை, பிறகு நீ வதனி வீட்டுக்குச் சமைக்கப் போவாய். வதனி ஓரிரு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், பள்ளிக்கூடச் சட்டை தைத்துக்கொண்டு. உன் மகள் உனக்குக் கிழமையில் ஒரு நாள் திரும்பக் கிடைத்தாள். எனக்கு நீ அரை நாள் கிடைத்தாய்.

நீ போனதும் ஒரு வியாழக்கிழமைதான். வதனியின் குசினியில் விளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "உப்புப் பார் பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்திருக்கிறாய். அவள் உப்புப் பார்த்துத் திரும்புவதற்குள் போய்விட்டாய். அந்தக் குழம்பை வதனி கொட்டவில்லை. உப்பு அளவாய் இருந்ததென்று பிறகு எனக்குச் சொன்னாள்.

கொட்டிலை எட்டு நாள் பூட்டினோம். ரஞ்சன் போனில் "எட்டு நாளோ?" என்றார். "எட்டு நாள்" என்றேன். சரி என்று போனை வைத்தார். ரொறன்ரோவில் இருந்தும் ஒரு முறைப்பாடும் வரவில்லை. "தூளைப் பிறகு பாப்பம், அம்மாவின்ரை காரியத்தைப் பாருங்கோ" என்று செய்தி வந்தது. உன் பந்தலில் சுண்ணம் இடித்தார்கள். எங்கள் மெசின் இரையவில்லை. ஐயர் கடைசிவரை ஒரு தும்மலும் தும்மவில்லை. செல்லத்துரை அண்ணையின் மனுசி என் பக்கத்தில் வந்து இருந்து என் கையைப் பிடித்தா. நான் அழுதது அப்போதுதான்.

இனி நீ அறியாத பகுதி.

முப்பத்தோராம் நாள் உன் அந்தியேட்டிக் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ரஞ்சன் வந்தார், இறங்கித்தான் வந்தார். "அம்மா, பொங்கல் வருகுது. பொங்கல் வரைக்கும் மட்டும் வியாழனிலையும் சனியிலையும் மூட்டுங்கோ. பிறகு பழையபடி விட்டிடலாம்."

நான் அகப்பையைக் கீழே வைத்தேன். "தம்பி, இந்தச் சொல்லை நீர் முந்தியும் சொன்னனீர். தீபாவளி வரைக்கும் மட்டும் எண்டு. அண்டைக்கு நீலக் கட்டம்போட்ட சட்டை போட்டிருந்தனீர், இடக்கைப் பொத்தான் ஒண்டு இல்லை. அந்தத் தீபாவளி எங்களுக்கு ரெண்டு வரியம் முடியேல்லை."

மனிதர் தன் சட்டைக் கையைக் குனிந்து பார்த்தார், இப்போதும் அதே சட்டை போலிருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

ஆனால் எல்லாருக்கும் என் ஞாபகம் இருக்குமா? பவளம் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறாள், கூரைக்கு ஓடு வேண்டும். இன்னும் இரண்டு பேர் அவள் பக்கம் சாய்ந்தார்கள். சின்னமணியும் நானும் இன்னொருத்தியும் இந்தப் பக்கம். மூன்றும் மூன்றும். உன் இடம் வெறுமையாய் இருந்தது. அந்த இடத்துக்கு வதனிதான் வர வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளைக் கூப்பிடப் போகிறது யார் என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாருடைய கலியாணத்துக்குப் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

அவள் எந்தப் பக்கம் போடுவாள் என்றும் எனக்குத் தெரியாது. மூன்று பிள்ளைகள், தையல் காசு. பவளம் அவளைச் சந்தையில் கண்டு முதலே கதைத்துவிட்டாள் என்றும் கேள்விப்பட்டேன்.

நான் உன் தட்டத்தை எடுத்தேன். வெற்றிலை, பாக்கு, குங்குமம், கதலிப் பழம். நல்ல சீலை கட்டிக்கொண்டு நடந்து போனேன். வதனி தையல் மெசினை விட்டு எழும்பி வந்து, தட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். உன் தட்டம் என்று அவளுக்குத் தெரியும்.

"மாமி, உதுக்கெல்லாம் தட்டமோ? ஒரு போன் கோல் எடுத்திருந்தா வந்திருப்பனே. பவளம் அன்ரியும் சந்தையிலை கண்டு சொன்னவ."

"சந்தையிலையோ சொன்னவ?" என்றேன். "பிள்ளை, நான் வீட்டுக்கு வந்து சொல்லுறன். நாளைக்குக் காலமை கூட்டம். உன்ரை அம்மாவின்ரை இடத்திலை நீ இருக்க வேணும். சட்டியிலை எதைப் போடச் சொல்லியும் நான் வரேல்லை. அது உன்ரை கை."

அவள் குங்குமம் எடுத்து வைத்தாள். பிறகு எனக்குத் தேத்தண்ணி போட்டாள். சீனி உன்னைப் போலவே கூடுதல்.

கூட்டத்தில் பவளம் நன்றாகத்தான் கதைத்தாள், அவளுக்கும் நியாயம் இருக்கிறது. ஓடு வாங்க வேண்டும், மழை வரப்போகிறது. ரஞ்சன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் சட்டிக்குக் கை நீட்டுகிற நேரம் வதனி, "நான் ஒண்டு சொல்லலாமோ?" என்றாள்.

"ஞாயிறும் அடுப்பு எரிஞ்ச காலத்திலை அம்மா என்ரை வீட்டுக்கு வந்தது நல்ல நாளுக்கு மட்டும்தான். வந்தாலும் கதிரையிலை நித்திரை. பிறகு வியாழன் வந்தது. கடைசி ரெண்டு வரியமும் கிழமைக்கு ஒருக்கா அம்மா எனக்குச் சமைச்சுத் தந்தவ. கடைசியா உப்புப் பார் எண்டு சொன்னதும் வியாழன்தான். எனக்கும் காசு தேவைதான். ஆனா அந்த நாளை நான் விக்கமாட்டன். எனக்கும் பிள்ளையள் இருக்கு."

ஒவ்வொருவராய்ச் சட்டிக்குள் கை விட்டார்கள். நான் என் மஞ்சள் துண்டைப் போட்டுவிட்டுக் கையை எல்லாருக்கும் விரித்துக் காட்டினேன், செத்தல் ஒளித்து வைக்கவில்லை என்று.

சின்னமணி சட்டியைக் கவிழ்த்தாள். ஆறு மஞ்சள். ஒரு செத்தல், காம்போடு.

ரஞ்சன் வானுக்குப் போனார். கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வந்தார். "சரி அம்மா, வழமையான அளவையே வெள்ளிக்கிழமை வந்து ஏத்துறன்" என்றார். "வாரும்" என்றேன். பவளத்தின் கூரைக்கு ஓடு ஏற்றும் நாளில் ஏழு பேரும் போய்க் கைகொடுப்பது என்று வதனி கேட்டு முடிவாயிற்று, சனிக்கிழமையில். சனி எங்களுடைய நாள்தானே.

இன்றைக்கு எல்லாரும் சேர்ந்து போவதால் கீரிமலைக்கு ஒரு வான் பிடித்திருக்கிறோம். வதனி வருகிறாள், என் பேத்தியும் வருகிறாள். ஒழுங்கை முகப்பில் வான் வந்து நின்றதும் எனக்கு முதல் ஓடிப்போய் யன்னல் பக்கம் பிடித்து இருந்தது யார் தெரியுமா? பவளம்தான். இதையும் நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

இங்கிருந்தே ஹோர்ன் கேட்கிறது, முடிக்க வேண்டும். கேணியில் மூன்று முழுக்குப் போடுவேன், ஒன்று உன்னுடையது. கையை மேலே தூக்கித் திருப்பிப் பார்ப்பேன். தட்டம் என்னிடம்தான் இருக்கும், கேட்டு வராதே.

ஒன்று மட்டும் மச்சாள். நீ தட்டம் கொண்டு வந்து சொன்னது கூட்டத்துக்கு. கலியாணத்துக்கு நீ சொல்லவில்லை. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.